கழுவிக் கவிழ்த்த தூக்குச்சட்டி

நான் காலால் பிறந்தவள். என் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பேரன் பேத்திகளுக்குத்தான் சொல்லவேண்டும். தலை முன்னால் வராமல் கால் முன்னால் வந்து, அம்மாவை இரண்டு நாள் பாடாய்ப் படுத்திப் பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு ஒரு சக்தி உண்டென்பது அந்தக் காலத்துச் சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் என்னைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் குப்புறப் படுப்பார்கள். நான் முதுகில் ஏறி மூன்று மிதி மிதிப்பேன். கூலி ஒரு துண்டு கருப்பட்டி. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் முதுகிலும் ஏறி நின்றிருக்கிறேன். வாத்தியாரை மிதித்த பெருமை உங்களில் எத்தனை பேருக்கு உண்டு, சொல்லுங்கள்?

அந்தக் காலை நம்பித்தான் என்னை மையின் முன்னால் உட்கார வைத்தார்கள். அதைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. கேட்டுக் கோபப்பட வேண்டியவர்கள் யாரும் இப்போது மிச்சமில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தேரடிப் பக்கம் மிளகாய் வற்றல் கடை. அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே எங்களுக்குத் தும்மல் வரும். அப்பாவின் தங்கை, என் அத்தை, திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா பருத்தி போடுகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகத் தரையில் குப்புறப் படுத்துவிடுவார்.

“ஏ மிதிக்காரி, வா.”

“எங்க பிடிச்சிருக்கு மாமா?”

“எங்கயும் பிடிக்கல. சும்மா மிதி. நல்லாருக்கு.”

மிதித்து முடித்ததும் மடியிலிருந்து சீனிமிட்டாய்ப் பொட்டலம் வரும். மற்றவர்கள் கருப்பட்டிதான் கொடுத்தார்கள் என்பதால், எனக்கு உலகத்திலேயே மாமாதான் உசத்தி.

சித்திரைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப் பருத்திப் பேட்டைக்கு வந்தார். கூடவே இன்னொரு வண்டியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். இருவரும் சிறுவயதிலிருந்தே கூட்டாளிகள். பருத்தி கொண்டுவந்தால் இரண்டு வண்டியும் சேர்ந்துதான் வரும், சேர்ந்துதான் திரும்பும். அவரை நாங்கள் கூட்டுவண்டிக்காரர் என்போம். ஒற்றைக் காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். அன்றும் பொதியை இறக்கிவிட்டு எங்கள் வீட்டில் தலைகாட்டினார்கள். நான் மிதித்தேன். மிட்டாய் வந்தது. வெயில் ஏறுமுன் கிளம்பிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை அவள் ஊரில் வாசலுக்குச் சாணி தெளிக்க வந்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. காளைகள் இரண்டும் நுகத்தடியோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. வண்டியில் ஆள் இல்லை.

மாடு தானாக வீடு வந்து சேருவது ஒன்றும் அதிசயமில்லை. வண்டிக்காரன் தூங்கிப்போனாலும் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் சக்கரத்து இரும்புப் பட்டாவில் செம்மண் அப்பியிருந்தது! எங்கள் பேட்டையிலிருந்து அத்தை ஊர் வரைக்கும் கறுத்த கரிசல்தான்; ஒரு பிடி செம்மண் கிடையாது. செவல் வேண்டுமென்றால் மேற்கே மலையைப் பார்த்துப் போகவேண்டும். கிழக்கே வரவேண்டிய மாடுகள் மேற்கே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கின்றன. எதற்குப் போயின, அங்கே யாரை இறக்கிவிட்டன என்று அவற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊர்ஜனம் நின்றதாம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

பருத்திக் காசு வெற்றிலைப் பைக்குள் அப்படியே இருந்தது. எனவே திருடன் கதை இல்லை. இன்னொன்றும் இருந்தது. மதியச் சோறு கொண்டுபோன பித்தளைத் தூக்குச்சட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மடித்த சாக்கின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அத்தையைப் பிடித்து ஆட்டியது இந்தச் சட்டிதான். செம்மண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அவள் சட்டியைப் பற்றியே பேசினாள். மாமா பிறந்ததிலிருந்து ஒரு பாத்திரம் கழுவியதில்லை. தின்ற வட்டிலிலேயே கைகழுவிவிட்டு எழுந்து போகிற ஜாதி ஆம்பளை. அவர் போன வண்டியில் சட்டி பளபளவென்று திரும்பி வந்தால், கழுவியது யார்? வேறு எவளும் உண்டா? தின்ன வைத்து, கழுவி வைத்து, ஆளை மட்டும் எடுத்துக்கொண்ட கை எந்தக் கை?

அப்பா போய் அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் அதைத் தொடவிடவில்லை. திங்கட்கிழமைதோறும் அப்பாவோடு போலீஸ் ஏட்டையாவைப் பார்க்கப் போவாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஏட்டையா நல்ல மனுஷர்தான். வழியிலிருந்த கிணற்றிலெல்லாம் ஆளை இறக்கிப் பார்த்தார். கூட்டுவண்டிக்காரரையும் விசாரித்தார். “ஊருணிக்கரையில சாப்பிட்டோம். பாதை பிரியிற எடத்துல பிரிஞ்சோம். அம்புட்டுத்தான் அய்யா” என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். கடைசியில் ஒருநாள் ஏட்டையா அலுத்துப்போய்ச் சொன்னார்:

“கொழும்புக்குக் கப்பல் ஏறியிருப்பாரும்மா. எத்தனையோ பேரு அப்பிடிப் போறாங்க.”

“கொழும்புக்குப் போறவரு சட்டியக் கழுவிட்டா போவாரு?” என்றாள் அத்தை.

ஏட்டையா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. கோயிலில் கொடி ஏறியதும் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றத் தொடங்குவார்கள். கோமதியம்மனை நினைத்துக்கொண்டு நூற்றெட்டு சுற்று, ஐநூறு சுற்று, வேண்டுதல் பெரிதென்றால் ஆயிரத்தொன்று. அத்தை ஆயிரத்தொன்று என்று வேண்டிக்கொண்டாள். எனக்குக் கணக்குப்பிள்ளை உத்தியோகம். தூணோரம் உட்கார்ந்து ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கவேண்டும். மூன்றாம் நாள் அத்தை பாதம் வெடித்துவிட்டது. புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு நடந்தாள்.

“வலிக்கலியா அத்தே?”

“அவ தவம் கெடந்துதான தன் சாமியப் பாத்தா? அதுவும் ஒத்தக்கால்ல நின்னு! எனக்கு ரெண்டு காலு இருக்கே மக்கா, நடந்தா என்ன?”

கறுத்த தரை, வேர்வை, பூ, எண்ணெய் எல்லாம் கலந்த வாசனை, பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தலை குனிந்து சுற்றுவது, யாரும் யாரோடும் பேசாமல் அத்தனை கால்களின் சத்தம் மட்டும் கேட்பது. இவர்களெல்லாம் எதைத் தொலைத்துவிட்டு இப்படித் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கொட்டை வைக்க மறந்துவிடும். நடுவில் தூங்கியும் போயிருக்கிறேன். அத்தை ஆயிரத்தொன்றுக்கு மேல் எத்தனை சுற்றினாள் என்று எனக்குத் தெரியாது; அம்மனுக்குத்தான் தெரியும்.

தபசு அன்று சாயங்காலம் அம்மனுக்குக் காட்சி கொடுக்கச் சாமி வந்தபோது, சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் விளைந்ததையெல்லாம் வீசினார்கள். நெல், வற்றல், கம்பு, பருத்தி. வானத்திலிருந்து தானியம் கொட்டுகிறது என்றே நான் நினைத்தேன். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அன்று வந்த வண்டியின் கம்பில் ஒட்டியிருந்த ஒரு கைப்பிடிப் பருத்தி. அதை வீசிவிட்டு, மாமா எந்தப் பக்கமிருந்து வருவார் என்பதுபோலக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசி ஆள் கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா மைக்காரரைக் கூட்டிவந்தார். ராயகிரிப் பக்கத்து ஆள். மை போட்டால் களவுபோன மாடு, ஓடிப்போன பிள்ளை எல்லாம் தெரியும். ஆனால் பார்ப்பதற்குக் காலால் பிறந்த, வயசுக்கு வராத பிள்ளை வேண்டும். வீட்டிலேயே ஆள் தயாராக இருந்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

நடுப்பகல். பட்டாசாலையில், வீட்டு முன்கூடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி என்னை உட்காரவைத்தார்கள். எதிரே குத்துவிளக்கு. மடியில் வெண்கலத் தட்டு. தட்டு முழுக்க விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த கருமை, மினுமினுவென்று. பின்னால் தெருவே நின்றது. அப்பா பக்கத்தில். அத்தை சுவரோரம், சட்டியோடு.

“உத்துப் பாரு தாயி. எடத்தக் கூட்டிப் பெருக்குறவன் வந்துட்டானா?” என்றார் மைக்காரர்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “வந்துட்டான்” என்றேன்.

“தண்ணி தெளிக்கிறவன்?”

“தெளிக்கான்.”

“நாக்காலி போட்டாச்சா? சாமி வந்து உக்காந்தாச்சா?”

“ஆமா, உக்காந்தாச்சு.”

எல்லாம் பொய். அவர் கேட்கும் விதத்திலேயே பதில் இருந்தது. வாத்தியாரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்பம் சாமிகிட்டக் கேளு. ஒங்க மாமாகூடக் கடேசியா நின்னது யாருன்னு காட்டச் சொல்லு.”

நான் மனசுக்குள் நிஜமாகவே கேட்டேன். சாமி, என் மாமாவைக் காட்டு என்று கேட்டேன். கண் கூசியது. அப்போது கருமைக்குள் ஒரு முகம் வந்தது! என்னைப் படைத்தவள்மேல் ஆணை, அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை. தலையில் துண்டு. ஒற்றைக் காதில் சிவப்பாக ஒரு பொட்டு.

“ஒரு ஆளு தெரியுதாரு. காதுல செவப்பா இருக்கு. வாயைத் தொறக்காரு” என்றேன்.

பிறகு யாரோ திரும்பிப் பார்த்து, “எம்மா!” என்று அலறினார்கள். நானும் திரும்பினேன். எனக்கு நேர் பின்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூட்டுவண்டிக்காரர் நின்றார். அப்போதுதான் வந்திருக்கிறார். தலையில் துண்டு. காதில் கடுக்கன்.

“மை இழுத்துட்டு வந்துட்டுய்யா!” என்றது தெரு.

அப்பா எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தார். மைக்காரரே பயந்துபோய், “அவசரப்படாதியும் வே, கேட்டுக்கிடுவோம்” என்றார். யார் கேட்டார்கள்? கூட்டுவண்டிக்காரர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தங்கச்சி, ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். தனியாச் சொல்லணும்.”

“தனியா என்னவே பேச்சு? என்ன சொல்லணுமோ இங்கன எல்லாரு முன்னாலயும் சொல்லு!” என்றார் அப்பா.

“எல்லாரு முன்னாலயும் சொல்லுததுக்கு இல்ல.”

“பாத்தீங்களா?” என்றார் அப்பா கூட்டத்தைப் பார்த்து. அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பயம்.

அவரைக் கோயில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கல்லில் ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றி, சத்தியம் செய்யச் சொன்னார்கள். “என் கூட்டாளிக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கல” என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் மூன்று தரம் அடித்து அணைத்தார். கை கொப்பளித்தது, முகம் கோணவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதோடு விட்டார்களா? நாகர் குடியிருக்கிற ஸ்தலம். இங்கே பொய்ச்சத்தியம் செய்தவனை ஒரு மண்டலத்துக்குள் பாம்பு தேடிவரும் என்பது நம்பிக்கை. “நாப்பத்தெட்டு நாள் பாப்போம்” என்றார் அப்பா.

நாற்பத்தெட்டு நாள் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் கூட்டுவண்டிக்காரர் ஊரில் இல்லை. வண்டியும் மாடும் வீட்டில் இருக்க, ஆள் மட்டும் போய்விட்டார். பயந்து ஓடிவிட்டான், மை பொய்க்குமா என்று ஊர் தீர்மானம் செய்தது. எனக்கு ஏகப்பட்ட மரியாதை. மிதி வாங்க வந்தவர்கள் முறுக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

அடுத்த ஆடி. அத்தை மறுபடியும் ஆயிரத்தொன்று. நான் மறுபடியும் புளியங்கொட்டை. இரண்டாம் நாள் காலை ஒரு பெண் வந்து அத்தைக்கு எதிரே நின்றாள். மெலிந்த உடம்பு, தரையில் இழுபடும் சேலை. கூட்டுவண்டிக்காரரின் மனைவி. எங்கள் குடியைக் கெடுத்தீர்களே என்று மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று பயந்து நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை.

“தங்கச்சி, அந்தச் சட்டியக் கழுவினது எங்க வீட்டுக்காரருதான். அன்னைக்கு ஒன் வீட்டுக்காரருக்குக் கையில ஆணி குத்திட்டுதாம். சட்டியெல்லாம் ரத்தமாக் கெடந்துதாம். இவருதான் ஊருணியில கழுவிக் குடுத்தாராம். நீ அதயே கேட்டுக்கிட்டு இருக்கன்னு தெரிஞ்சு, சொல்லணும்னு துடிச்சாரு.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேற என்ன சொன்னாரு மதினி?”

“அதான எனக்கும் தெரியல. பாதை பிரியிற எடத்துல ஒன் வீட்டுக்காரரு ஏதோ சொல்லிட்டு மேக்க வண்டியத் திருப்பினாராம். ‘ஆடித் தபசுக்குள்ள நான் வந்துருவேன், அதுவரைக்கும் மூச்சு விடாத. வரலன்னா இன்னதுன்னு அவகிட்ட மட்டும் சொல்லு’ன்னு கைய அடிச்சு வாங்கிக்கிட்டாராம். அது இன்னதுன்னு எங்கிட்டக்கூட இவரு சொல்லல. தபசு கழிஞ்ச மறுநா, விடியக்காலமே கெளம்பி ஒன் வீட்டுக்குத்தான் வந்தாரு. வந்தவரு கன்னத்துல வெரலு பதிஞ்சு திரும்பி வந்தாரு. ‘இனி நான் வாயால சொன்னா நம்பமாட்டாங்க, ஆளையே கூட்டிட்டு வாரேன்’னு போனாரு. போனவரு போனவருதான்.”

மூன்று மாதம் வார்த்தையைக் காத்து, சொன்ன நாளில் சொல்ல வந்த மனுஷர்! எனக்கு அப்போது ஒன்பது வயதுதான். ஆனாலும், நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அங்கேயே புரிந்தது. கையிலிருந்த புளியங்கொட்டைகள் உருண்டு ஓடின. அத்தை எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சுற்ற ஆரம்பித்தார்கள். அந்த வருடமும், அதற்கடுத்த வருடங்களும், சேர்ந்தே சுற்றினார்கள். அன்று வீடு திரும்பியதும் அத்தை அந்தச் சட்டியில் பழையதை ஊற்றிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு அதுதான் வட்டில்.

அதைக் கேட்டதிலிருந்து அப்பா, ஒவ்வொரு வருடமும் பருத்திக் காலம் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு மேற்கே போவார். கடையநல்லூர், அதற்கு அப்பால் மலையோரம், இரண்டு ஆட்களின் அடையாளம் சொல்லி விசாரித்துக்கொண்டு. ஒரு தகவலும் கிடைக்கவில்லை. மாமாவும் வரவில்லை, அவரும் வரவில்லை. அத்தை கண்ணை மூடியபோது நெற்றிக்குப் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் தகராறு பண்ணினார்கள். அப்பா உள்ளே வந்து, “அவ புருஷன் செத்தான்னு பாத்தவ எவ? வைட்டி பொட்ட!” என்று கத்திவிட்டுச் சுவரில் முகத்தை வைத்து அழுதார். அத்தை தாலியோடுதான் போனாள்.

இதற்கு இரண்டு வருடம் கழித்து ஒருநாள், என் வீட்டு அடுப்படியில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கறுத்த கல் மினுங்கியது. அதற்குள் ஒரு முகம் வந்தது. மூக்கில் ஒரு பொட்டு, வாயைத் திறக்கிறது. “அம்மா, பசிக்கி” என்று சத்தம் பின்னாலிருந்து வந்தது. என் மகள். புது மூக்குத்தி.

மை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. என் தலைக்குமேல் குனிந்து, “தங்கச்சி” என்று கூப்பிட வாயெடுத்த மனுஷரின் முகம் எண்ணெயில் விழுந்ததைத்தான் நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். முப்பத்துச் சொச்சம் வயதில் ஒரு தோசைக்கல் சொல்லித்தான் எனக்கு அது தெரியவேண்டியிருந்தது.

அடுத்த பஸ்ஸில் கூட்டுவண்டிக்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். கண் பார்வை மங்கி, கயிற்றுக்கட்டிலில் கிடந்தாள். யாரென்று சொன்னதும், “மிதிக்காரியா? வா மக்கா” என்று கையைத் தடவினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்குகிறவனும் வரவில்லை, தண்ணீர் தெளிக்கிறவனும் வரவில்லை, சாமியும் வரவில்லை. பின்னால் நின்றவரின் நிழல்தான் தட்டில் விழுந்தது. நான்தான் உங்கள் குடியைக் கெடுத்தேன் என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அவரு வாயத் தொறந்தாருன்னு சொன்னியாமே?”

“ஆமா பெரியம்மா.”

“என்ன சொல்ல வந்தாருன்னு ஒனக்குக் கேக்கலியா மக்கா?”

“மையில சத்தம் கேக்காது பெரியம்மா” என்றேன்.

“கேக்காதோ?” என்றாள். என் முகத்தை விட்டுவிட்டு, “சரி, குப்புறப் படுக்கேன். இடுப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. மிதிச்சுட்டுப் போ” என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள்.